சிறு பிள்ளைகளுக்கு முன்பாக வைக்கப்படும் கண்ணி

தியானப் பகுதி: தானியேல் 1-ஆம் அதிகாரம், மத்தேயு 18-ஆம் அதிகாரம்



இம்முறை தியானத்தைச் சிறுவர் வார்டிலிருந்தே தொடங்குகிறோம். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய் தன் ஆறு வயது மகனை அழைத்து வந்தார். பையனின் முகம் வெளுத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தசோகை என்று டாக்டர் சொன்னார். என்ன சாப்பிடுகிறான் என்று நாங்கள் கேட்டோம்.

"சோத்தைத் தள்ளிடுறான் ஐயா. கடையில தொங்குற பாக்கெட்டுதான் வேணும்னு அழுவான். டி.வி.யில நல்ல நல்ல பிள்ளைங்க அதைச் சாப்பிடுறாங்களே, நல்லதாத்தான் இருக்கும்னு நானும் வாங்கிக் குடுத்துட்டேன்" என்றார் அந்தத் தாய்.

அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை. பையனின் கட்டிலருகே அதே போன்ற இரண்டு பாக்கெட்டுகள் இருந்தன. அன்று காலை வார்டைச் சந்திக்க வந்த அன்பர்கள் கொடுத்தவை அவை. ஜெபித்து அவற்றைப் பகிர்ந்தளித்தவர்கள் நாங்களே.

1. கண்ணி எப்படி வைக்கப்படுகிறது?

விளம்பரம் என்பது ஒன்றை விற்பதற்காகச் சொல்லப்படுவது என்று பெரியவர்களாகிய நாம் அறிவோம். சுமார் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தப் பகுத்தறிவு இன்னும் முதிர்வதில்லை. கார்ட்டூன் பொம்மை சொன்னால் அது நண்பன் சொன்னதாகவே நம்புகிறது. பாக்கெட்டுக்குள் ஒரு விளையாட்டுச் சாமான், மேலே கிரிக்கெட் வீரரின் படம், தாயின் கைபேசியில் பாட்டுக்கு நடுவே ஒரு விளம்பரம் என்று எல்லாப் பக்கமும் அழைப்பு வருகிறது. பிள்ளை கேட்கிறது, அழுகிறது; பெற்றோர் வாங்குகிறார்கள். 300 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி சர்க்கரை உண்டு. உப்பும் எண்ணெயும் மிகுந்த வறுவல் சிறு வயிற்றை நிரப்பிவிட்டால் கீரைக்கும் முட்டைக்கும் அங்கே இடம் ஏது?

1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பள்ளிக்குள் ஒரு கை பிள்ளைக்குச் சோறூட்ட, வாசலுக்கு வெளியே வேறொரு கை பாக்கெட்டைக் காட்டி இழுக்கிறது.

2. சட்டம் என்ன சொல்லுகிறது?

2010-இல் உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளை நோக்கிய இத்தகைய விளம்பரங்களைக் குறைக்கும்படி நாடுகளுக்குப் பரிந்துரை செய்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்டோருக்கான வணிக விளம்பரங்களை 1980-இலேயே தடை செய்திருந்தது. சிலி நாடு 2016-இல் இத்தின்பண்டங்களின் உறையிலிருந்து கார்ட்டூன் உருவங்களை நீக்கியது. பிரிட்டனில் 2026 ஜனவரி முதல் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் இவ்வகை உணவுகளுக்கு விளம்பரம் இல்லை. இணையத்தில் கட்டண விளம்பரம் எந்நேரமும் கூடாது.

நம் தேசத்திலும் விதிகள் உண்டு. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2020-இல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. இதை அறிவிக்கும் பலகையைப் பள்ளி வாசலில் வைக்கவும் வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் சேனல்களிலும் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரம் கூடாது என்றது.

ஆனால் நம் கிராமத்துப் பிள்ளைகள் சிறுவர் சேனலை மட்டுமா பார்க்கிறார்கள்? பாட்டியோடு சீரியலும், அப்பாவோடு கிரிக்கெட்டும் பார்க்கிறார்கள். அந்த நேரத்தை இவ்விதி எட்டுவதில்லை. ஐம்பது மீட்டரை அளந்து பார்ப்பாரும் அரிது. ஆகவே விதி விரிவாகவும் வேண்டும், இருக்கும் விதி நடக்கவும் வேண்டும்.

3. வேதம் கற்பிப்பது என்ன?

ராஜாவின் போஜனத்தைத் தானியேல் மறுத்தான். காய்கறியும் தண்ணீரும் கேட்டுப் பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொன்னான். நாம் இதைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு மனவுறுதியைப் போதிக்கிறோம். நல்லதுதான். ஆனால் தானியேல் தீர்மானம் செய்யத் தெரிந்த வாலிபன். ஆறு வயதுப் பிள்ளையிடம் அந்தத் தீர்மானத்தை நாம் எதிர்பார்க்கலாமா? மத்தேயு 18-இல் ஆண்டவர், சிறியவரை இடறப்பண்ணுகிறவர்களைக் குறித்தே கடுமையாக எச்சரிக்கிறார். இடறின சிறியவரை அல்ல. பாதையிலுள்ள கல்லை அகற்றுவது பெரியவர்களின் கடமை.

இதில் எங்கள் தவற்றையும் அறிக்கையிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் விளையாட்டு விழாவுக்கு ஒரு குளிர்பான வியாபாரி இலவசமாகப் பந்தலும் பானமும் தர முன்வந்தார். செலவு மிச்சம் என்று ஏற்றுக்கொண்டோம். பந்தல் முழுவதும் அவர்கள் விளம்பரம். அதன் கீழே நின்று பிள்ளைகள் ஞாயிறு பள்ளிப் பாட்டுப் பாடினார்கள். மிச்சமான பணம் எவ்வளவு என்று இப்போது நினைவில்லை. அந்தக் காட்சி நினைவில் இருக்கிறது.

4. நாம் செய்யக்கூடியவை

அ. வார்டுக்கு அன்பளிப்புக் கொண்டுவரும்போது பாக்கெட் தின்பண்டங்களைத் தவிர்த்து, வாழைப்பழம், கொய்யா, கடலை மிட்டாய், அவித்த வேர்க்கடலை கொண்டுவாருங்கள். படப் புத்தகமும் நல்லது.

ஆ. ஞாயிறு பள்ளிப் பரிசுகளிலும் கிறிஸ்துமஸ் விழாவிலும் இதையே கைக்கொள்ளுங்கள்.

இ. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் அறிவிப்புப் பலகை உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் தலைமை ஆசிரியரிடம் பணிவாய்க் கேளுங்கள். விதி மீறப்பட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுங்கள்.

ஈ. கிராம சபையில் இதைப் பேசுங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்திலேயே, ஊர்ச்சபையின் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் நம் உத்திரமேரூர். அந்த மண்ணில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது பெரிய காரியமல்ல. பெட்டிக்கடைக்காரரும் நம் அயலாரே. அவரைப் பகைக்காமல், சுண்டலும் பழமும் விற்க வழிசொல்லுங்கள்.

சிந்திக்க:
- நம் வீட்டில் பிள்ளை கேட்கும் தின்பண்டத்தின் பெயரை முதலில் அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்?
- அன்பினால் நாம் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கு நன்மை செய்கிறதா?

அந்தப் பையன் இரும்புச்சத்து மருந்தோடு வீடு திரும்பினான். மறுமுறை வந்தபோது, முருங்கைக்கீரை போட்ட அடையைச் சாப்பிடுவதாகத் தாய் சொன்னார்; பாக்கெட்டுக்காக இன்னும் அழுகிறான் என்றும் சொன்னார். அவனுக்காகவும், அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவும், சட்டம் இயற்றும் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.