நாற்பத்தையாயிரம் எங்கே போகிறது? ஒலுவில் பக்கம் வேலைக்குப் போகுமுன் ஒரு கணக்கு



பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் புறப்படுவது எல்லா டிவிசனிலும் நடக்கிறது. முன்பு வேலை என்றால் கொழும்புதான். இப்போது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என்று அம்பாறைக் கரையோர ஊர்களின் பேரும் லயத்தில் அடிபடுகிறது. “எம் மவனுக்கு மாசம் நாப்பத்தஞ்சு தர்றாங்களாம். பேருக்குக் கொழுந்தெடுத்து நாங்க என்னத்தக் கண்டோம்?” என்று பெற்றோர் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் இங்கே ஒரு சீட்டு சேருகிறார்கள், தவணைக்கு டீவி எடுக்கிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள். மூன்றாம் மாதம் பணம் வராதபோது வீட்டில் சண்டை. பிள்ளை ஊதாரி என்று பேர். பிள்ளை ஊதாரியா, கணக்குப் பிழையா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அந்த ஊரில் வாடகை ஏன் கூட?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ரோட்டோரமாக ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். வீடு கட்டக் கூடிய நிலம் நடுவில் உள்ள ஒடுக்கமான துண்டுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் இருந்த பல குடும்பங்களும் உள்ளே வந்தன. நிலம் குறைவு, சனம் அதிகம். ஆகவே காணி விலையும் அறை வாடகையும் ஏறித்தான் இருக்கும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்களும் அறை தேடுகிறார்கள்.

மீனும் அரிசியும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கிற பொருள். ஆனால் நுவரெலியா கேரட்டும் லீக்ஸும் லொறி ஏறி இறங்கிப் போவதால் அங்கே விலை கூடும். வெக்கையான ஊர், இரவு முழுக்க ஃபேன் ஓட வேண்டும், கரண்ட் பில்லும் வரும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். நோன்பு பிடிக்காத நம் பிள்ளை அறையிலேயே சமைக்கப் பழகியிருக்க வேண்டும்.

முதல் கணக்கு: 45,000 ரூபா, அறையும் சாப்பாடும் சொந்தச் செலவு

கீழே உள்ள தொகைகள் பாடத்துக்காக நாம் போட்டவை. உங்கள் பிள்ளை போகும் ஊர் விலையை விசாரித்து மாற்றிப் போடுங்கள்.

சம்பளம் 45,000
ஊழியர் சேமலாப நிதி 8 வீதம்: 3,600
கைக்கு வருவது: 41,400

கூட்டாளியோடு பங்கு அறை: 10,000
சாப்பாடு: 18,000
பஸ் (26 நாள், நாளுக்கு 100): 2,600
கரண்ட், தண்ணீர்: 1,500
போன்: 1,500
சவர்க்காரம், துணி, மருந்து: 3,000
ஊருக்கு வந்து போக மாதத்துக்கு ஒதுக்குவது: 2,000
மொத்தச் செலவு: 38,600
மிச்சம்: 2,800

பார்த்தீர்களா? பிள்ளை குடிக்கவில்லை, படம் பார்க்கவில்லை. அப்படியும் 2,800 ரூபாதான் மிஞ்சுகிறது. வீட்டில் நாமோ இருபதாயிரத்தை எதிர்பார்த்துச் சீட்டுப் போட்டிருப்போம்.

இரண்டாம் கணக்கு: 30,000 ரூபா, தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் முதலாளி தருவது

சம்பளம் 30,000
சேமலாப நிதி 8 வீதம்: 2,400
கைக்கு வருவது: 27,600
போன் 1,500, சவர்க்காரம் முதலியன 3,000, ஊர்ப் பயணம் 2,000: மொத்தம் 6,500
மிச்சம்: 21,100

சம்பளம் 15,000 குறைவு, மிச்சமோ 18,300 கூட. ஆகவே “எவ்வளவு தர்றாங்க?” என்று மட்டும் கேட்டால் போதாது, “எவ்வளவு மிஞ்சும்?” என்றும் கேட்க வேண்டும். தங்குமிடம் என்று சொல்லிக் கடைக்குள் சாக்கை விரித்துப் படுக்கச் சொல்கிறார்களா, இரவு எத்தனை மணிக்கு வேலை முடியும், லீவு உண்டா என்பதையும் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெண் பிள்ளையென்றால் கட்டாயம் ஒரு பெரியவர் கூடப் போய்ப் பார்த்து வாருங்கள்.

தோட்டத்துக் கணக்கு

இது தோட்டத்தை விட்டுப் போகாதே என்று சொல்லும் பாடம் இல்லை. தோட்ட நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கத்தின் 200 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. மொத்தம் 1,750. இருபது பேர் விழுந்தால் 35,000. பன்னிரண்டு பேர்தான் என்றால் 21,000. இதிலும் கழிவு உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் பேர் குறையும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் செக்ரோலில் ஏறாத சில வரவுகள் இங்கே உண்டு. காம்பராவுக்கு வாடகை இல்லை. விறகு உண்டு, வாசலில் நாலு கீரை உண்டு, ஐந்து பேருக்கு ஒரே பானையில் சோறு. வெளியூருக்குப் போனதும் இவை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதே நேரம், வாடகையில்லாத காம்பரா சொந்த வீடு ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. பிள்ளை வெளியே போய் ஒரு தொழில் கற்றால் அதுவும் ஒரு சொத்துதான்.

நாளைக்கு வரும் என்பதை இன்றைய வரவில் எழுதாதீர்கள்

ஒலுவில் துறைமுகமே இதற்குச் சாட்சி. டென்மார்க் கடனுதவியோடு கட்டி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். கப்பல் வரும், வேலை வரும் என்று சனம் எதிர்பார்த்தது. அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் போட்ட கல் அணை மணலை மறித்தது. வாயில் மணலால் அடைபட்டது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையை அரித்தது. எதிர்பார்த்த சரக்குக் கப்பல் போக்குவரத்து நடக்கவில்லை. “ஆறு மாசத்துல சம்பளம் கூட்டுவாங்களாம்” என்ற பேச்சும் இப்படித்தான். கூட்டின பிறகு எழுதுவோம்.

விலைவாசியும் சும்மா இராது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியது. 30,000 ரூபாவில் நடந்த குடும்பத்துக்கு அதே சாமான் வாங்க ஏறத்தாழ 51,000 தேவைப்பட்டது. ஆகையால் மிச்சத்தில் ஒரு பங்கை ஆபத்துக்கென்று வையுங்கள்.

போகுமுன் கேட்க வேண்டியவை

1. சேமலாப நிதி கட்டுவார்களா? முதலாளி தன் பங்குக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். 45,000 சம்பளத்துக்கு இது மாதம் 6,750, வருடத்துக்கு 81,000 ரூபா. கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.
2. சம்பளம் எழுத்தில் உண்டா? சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000.
3. பிள்ளைக்கு வயது என்ன? 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது சட்ட விரோதம். உயர்தரம் படிக்கிற பிள்ளையை 2,800 ரூபா மிச்சத்துக்காக நிறுத்தலாமா என்று யோசியுங்கள்.
4. இரண்டு வருடத்தில் என்ன தொழில் கையில் இருக்கும்?

வீட்டுப் பயிற்சி

வரும் ஞாயிறு பிள்ளையையும் உட்கார வைத்து, ஒரு கொப்பித் தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று வருகிறதோ, அதில் பாதியைத்தான் ஊருக்கு அனுப்பக் கேட்க வேண்டும். முதல் மூன்று சம்பளம் வந்து சேரும்வரை அதை நம்பிச் சீட்டோ, தவணையோ, அடகோ வேண்டாம். கணக்குப் பிடிபடாவிட்டால் தாளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.