‘யானை நிச்சயம்’ என்றால் யோசியுங்கள்

கேள்வி: மே விடுமுறைக்கு மசினகுடியில் இரண்டு நாள் தங்க அறை போட்டிருக்கிறோம். ‘ராத்திரி ஜீப்பில் கூட்டிப்போய் யானை நிச்சயம் காட்டுகிறேன்’ என்கிறார் ஏற்பாடு செய்பவர். பிள்ளைகள் குதிக்கிறார்கள். போகலாமா? சுற்றுலாவால் காடு கெடுகிறது என்கிறார்கள். அது இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பு ஏது?
- வாசகர், ஈரோடு

பதில்: மசினகுடிக்குப் போங்கள், அந்த ஜீப்பில் ஏறாதீர்கள். இரவு சஃபாரிக்கு வனத்துறை அனுமதி தருவதில்லை. பிடிபட்டால் அபராதம் உண்டு.

என்னை உறுத்துவது அந்த ‘நிச்சயம்’ என்ற சொல்தான். காட்டு யானையை நிச்சயமாகக் காட்ட வேண்டுமானால், அது நடமாடும் இடத்தில் விளக்கடித்துத் தேட வேண்டும். இல்லை, தீனி போட்டு வரவழைக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் தாய் யானை குட்டியைக் காலடியில் ஒதுக்கிக்கொண்டு காதை விரித்து நிற்கும். நமக்கு அது நல்ல போட்டோ. அதற்கு அது பயம்.

மசினகுடி இருப்பது சீகூர் பீடபூமியில். தெற்கே செங்குத்தாக நீலகிரி, வடக்கே மாயாற்றுப் பள்ளம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போய்வரும் யானைகளுக்கு நடுவிலுள்ள இந்தச் சமதரைதான் பாதை. அதில் விடுதியும் மின்வேலியும் முளைத்தால் யானை வயலுக்கும் வீட்டுக்கும்தான் திரும்பும். 2010-ல் தமிழக அரசு இதை யானை வழித்தடமாக அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்காடினார்கள், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பை உறுதிசெய்தது. அடுத்த ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காதில் தீயோடு அது இருட்டில் ஓடும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த யானை பிழைக்கவில்லை.

பிழைப்பு பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் யானை இருக்கும்வரைதான் ஜீப்புக்கு வாடகை. காடு பார்க்கப் பக்கத்துத் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி இருக்கிறது. கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். சாப்பாட்டை ஊர்க் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். குரங்குக்கு சிப்ஸ் போடாதீர்கள். இன்று கையிலிருந்து வாங்கித் தின்றது நாளை கார் கண்ணாடிக்குள் கைவிடும்.

இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் மசினகுடியும் அடங்கிய நீலகிரி மாவட்டத்துக்கு அது கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்று ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

இவ்வளவுக்குப் பிறகும் யானை கண்ணில் படாமலே போகலாம். அப்போது சாலையோரத்து இலத்தியை வண்டிக்குள் இருந்தபடியே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாரும் செரிக்காத விதைகளுமாகக் கிடக்கும். யாரும் விளக்கடிக்காத நேரத்தில், அது தன் வழியே போயிருக்கிறது.