வீட்டு வேலியில் ஹிசாலு

குமாவோன் மலைக் கிராமங்களில் ஏப்ரல், மே மாதங்களில் வேலியோரம் பொன்மஞ்சள் நிறமாகப் பழுக்கும் சிறு கனிக்கு ஹிசாலு என்று பெயர். பிளாக்பெரி, ராஸ்ப்பெரி ஆகியவை அடங்கிய ரூபஸ் இனத்தைச் சேர்ந்த இச்செடியைத் தாவரவியலார் ரூபஸ் எல்லிப்டிகஸ் என்பர். கருநிறப் பழம் தரும் ரூபஸ் நிவியஸ் இதன் உறவாகும். இரண்டும் இமயமலைச் சரிவுகளிலும் நீலகிரி போன்ற தென்னாட்டு மலைகளிலும் இயற்கையாக வளர்கின்றன.

பயனற்ற முட்புதர் என எண்ணி இவற்றை அடியோடு அழிப்போர் உளர். ஆயினும் இவை பல உயிர்களுக்கு ஆதாரமானவை. மலர்களைத் தேனீக்கள் நாடுகின்றன. கொண்டைக்குருவி முதலிய பறவைகள் கனிகளை உண்கின்றன. முள்ளடர்ந்த புதர் சிறு பறவைகளின் கூடுகளைக் காக்கிறது. வெட்டப்பட்டு உலர்ந்த தண்டுகளின் மென்மையான உட்சோற்றைக் குடைந்து சிறு தச்சுத் தேனீக்கள் முட்டையிடுகின்றன.

வளர்க்கும் முறை: வெயில் படும், நீர் தேங்காத வேலியோரம் ஏற்றது. மழைக்காலத்தில் நீண்ட கிளையின் நுனியை வளைத்துச் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணுக்குள் பதித்தால் அது வேர்விடும். பின்னர் தாய்ச்செடியிலிருந்து பிரித்து, 2 மீட்டர் இடைவெளியில் நடலாம். பூச்சிமருந்து தெளிக்கலாகாது.

கத்தரிக்கும் முறை: ஓராண்டில் முளைக்கும் தண்டு பொதுவாக மறு ஆண்டில் காய்த்துப் பின் பட்டுப்போகும். ஆகவே, காய்த்து ஓய்ந்த தண்டுகளை மட்டுமே வெட்டுதல் வேண்டும். புதிய தண்டுகளையும் சேர்த்து வெட்டினால் மறு ஆண்டில் பழம் இராது. கூடு கட்டும் பருவத்தில் புதரைத் தொடலாகாது. வெட்டிய தண்டுகளை எரிக்காமல், தேனீக்களுக்காக ஒரு மூலையில் அடுக்கி வைக்கலாம்.

எச்சரிக்கை: பிறந்த மண்ணில் நன்மை செய்யும் செடி வேற்றிடத்தில் தீமையாகலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடி நம் காடுகளை ஆக்கிரமித்தது போலவே, ஹிசாலு ஹவாய்த் தீவுகளிலும், ரூபஸ் நிவியஸ் கலாபகோஸ் தீவுகளிலும் பரவி, அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்குகின்றன. பறவைகளின் எச்சத்தின் வழியே விதைகள் தொலைவுக்குச் செல்வதே இதற்கு முக்கிய காரணம். எனவே இச்செடிகளை அவை இயற்கையாக வளரும் மலைப்பகுதிகளில் மட்டுமே நடுதல் வேண்டும்; விதையையோ செடியையோ பிற இடங்களுக்கு அனுப்புதல் கூடாது.

பள்ளிப் பயிற்சி: பூக்கும் காலம் முதல் பழுக்கும் காலம் வரை, வாரம் ஒருமுறை ஒரே புதரை அரைமணி நேரம் நோக்கி, வந்து செல்லும் பூச்சிகளையும் பறவைகளையும் மாணவர்கள் குறித்து வரலாம். ஒரு முட்புதரை நம்பி எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்பதை அப்பட்டியலே அவர்களுக்கு உணர்த்தும்.