பாஸ்வேர்டு மட்டும் போதுமா?

கேள்வி: கணினி பிரவுசரில் மெட்டாமாஸ்க் என்ற கிரிப்டோ வாலட் நிறுவப்போகிறேன். வலுவான பாஸ்வேர்டு இருந்தால் போதுமா?

பதில்: போதாது. பாஸ்வேர்டு அந்தக் கணினியில் உள்ள வாலட்டை மட்டுமே பூட்டுகிறது. உண்மையான சாவி, தொடக்கத்தில் கிடைக்கும் 12 ஆங்கிலச் சொற்கள். அவை தெரிந்த எவரும் எங்கிருந்தும் உங்கள் பணத்தை எடுத்துவிடலாம். வரிசை மாறாமல் காகிதத்தில் எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். போட்டோ, வாட்ஸ்அப் கூடவே கூடாது. உதவி மையம் என்று சொல்லி அவற்றைக் கேட்பவர் திருடர்தான், சந்தேகமே வேண்டாம். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாமல், மெட்டாமாஸ்க் டாட் ஐஓ முகவரியை நீங்களே தட்டச்சு செய்து நிறுவுங்கள்.

வாலட்டை ஓர் இணையதளத்துடன் இணைத்த பிறகு பலர் ஏமாறுவது, உங்கள் டோக்கனை (கிரிப்டோ நாணயத்தை) எடுக்க அனுமதி கேட்கும் 'அப்ரூவ்' பொத்தானில். மோசடித் தளத்துக்கு வரம்பில்லா அனுமதி தந்தால், திருடர் 12 சொற்கள் தெரியாமலே அந்த டோக்கன் முழுவதையும் உருவிவிடலாம். தளத்திலிருந்து வாலட்டைத் துண்டித்தாலும் அனுமதி நீங்காது. அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.