ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையா ஒரு எஸ்.எஸ்.டி.: அக்காவின் 8 டிப்ஸ்

போட்டோ, வீடியோ, ஆபீஸ் கணக்குன்னு எல்லாத்தையும் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்ல சேர்த்து வெச்சிருப்பீங்க. ஒரு ஃபோல்டரைத் திறந்தாலே சுத்திக்கிட்டே இருக்கும். டிஸ்க் கெட்டுப்போயிடுச்சுன்னு பயப்பட வேண்டாம், அதோட அமைப்பே அப்படித்தான். அதுக்குள்ள நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுத்துற தட்டு ஒரு சுற்றை முடிக்க சுமார் 8.3 மில்லி செகண்ட் ஆகும். டேட்டாவைப் படிக்கிற ஹெட் நகர்ற நேரமும் சேர்ந்தா, அங்கங்கே சிதறிக் கிடக்குற ஃபைல்களை செகண்டுக்கு 100 தடவைக்குப் பக்கத்துலதான் படிக்க முடியும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. அதையே பல்லாயிரம் தடவை படிக்கும்.

மளிகைக் கடையில அடிக்கடி விக்கிற பருப்பு கைக்கெட்டுற டப்பாவுல இருக்கும், மூட்டை குடோன்ல இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையா எஸ்.எஸ்.டி.யை வைக்கிற கேஷ் முறையும் அதே மாதிரிதான். அடிக்கடி தேவைப்படுற டேட்டாவோட நகல் எஸ்.எஸ்.டி.யில, மொத்த சரக்கும் ஹார்ட் டிஸ்க்ல.

1. தேவையான்னு முதல்ல பாருங்க: கம்ப்யூட்டர் ஆன் ஆக நேரமாகுதுங்கிறது மட்டும்தான் குறைன்னா கேஷ் வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டத்தையே எஸ்.எஸ்.டி.க்கு மாத்திடுங்க. டேட்டா மொத்தமும் எஸ்.எஸ்.டி.யில அடங்காது, ஆனா அதுல ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப எடுக்குறீங்கன்னா, அங்கதான் கேஷ் உதவும்.

2. ரேமைக் கவனிங்க: லினக்ஸும் விண்டோஸும் சும்மா கிடக்குற ரேமைத் தானாவே டிஸ்க் கேஷா பயன்படுத்திக்கும். எஸ்.எஸ்.டி.யை விட ரேம் பல மடங்கு வேகம். ரேம் குறைவா இருந்தா முதல் செலவு அதுக்குத்தான்.

3. வேலையைப் பொறுத்து முடிவெடுங்க: டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின், ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் இதுக்கெல்லாம் நல்ல பலன் இருக்கும். சினிமா பார்க்க, சி.சி.டி.வி. பதிவு சேமிக்க பெருசா பலன் இல்லை. வரிசையா படிக்க, எழுத ஹார்ட் டிஸ்க்கே போதும்.

4. ரைட்-த்ரூ வைங்க: இந்த முறையில எழுதுற டேட்டா ஹார்ட் டிஸ்க்லயும் சேர்ந்த பிறகுதான் வேலை முடிஞ்சதா கணக்கு. எஸ்.எஸ்.டி. திடீர்னு செத்தாலும் டேட்டா பத்திரம். எழுதுற வேகம் கூடாது, படிக்கிற வேகம் கூடும். வீட்டுக்கு அது போதும்.

5. ரைட்-பேக்னா உஷார்: இதுல டேட்டா முதல்ல எஸ்.எஸ்.டி.க்குப் போகும், ஹார்ட் டிஸ்க்குக்கு அப்புறமாத்தான் வரும். நடுவுல எஸ்.எஸ்.டி. போனா கடைசியா எழுதினது போயிடும், ஃபைல் சிஸ்டமே குலைஞ்சும் போகலாம். ரெண்டு எஸ்.எஸ்.டி.யை மிரர் பண்ணி, யு.பி.எஸ்.ஸும் வெச்சிருந்தா மட்டும் இதைத் தொடுங்க.

6. கருவியைத் தெரிஞ்சு எடுங்க: லினக்ஸ்ல எல்.வி.எம். கேஷை, ஏற்கெனவே டேட்டா இருக்குற எல்.வி.எம். வால்யூமோட சேர்க்கலாம், வேண்டாம்னா பிரிக்கலாம். 2013-ல லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்த பிகேஷ் நல்ல கருவிதான். ஆனா வழக்கமான முறையில ஹார்ட் டிஸ்க்கையே அதுக்காகப் புதுசா தயார் பண்ணணும், அதனால டேட்டாவை முன்னாடியே வேற இடத்துக்கு மாத்துங்க. ஜெட்.எஃப்.எஸ். ஃபைல் சிஸ்டத்துல இருக்குற எல்2ஆர்க் கேஷ் படிக்கிறதுக்கு மட்டும்தான். அந்த எஸ்.எஸ்.டி. போனாலும் டேட்டா போகாது.

7. கழற்றவும் முறை இருக்கு: ரைட்-பேக் ஓடும்போது எஸ்.எஸ்.டி.யை நேரா உருவிடாதீங்க. மிச்சமிருக்குற டேட்டா ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கணும், கேஷை முறைப்படி பிரிக்கணும், அப்புறம்தான் கேபிளைத் தொடணும். இந்த வரிசையை ஒரு தாள்ல எழுதி கேபினட்டுக்குள்ள ஒட்டி வைங்க.

8. ஆயுசைப் பாருங்க: கேஷா இருக்குற எஸ்.எஸ்.டி.யில எழுதுற வேலை ஓயாம நடக்கும். வாங்கும்போது எத்தனை டி.பி. எழுதத் தாங்கும்ங்கிற டி.பி.டபிள்யூ. அளவைப் பாருங்க. மாசம் ஒரு தடவை, எஸ்.எஸ்.டி.யோட நிலைமையைச் சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் பார்த்துடுங்க.

போட்ட முதல் நாளே வேகத்தை அளந்து ஏமாறாதீங்க. கேஷ் அப்போ காலியா இருக்கும், எது அடிக்கடி தேவைப்படுதுன்னு பழகப் பழகத்தான் வேகம் தெரியும்.

கடைசியா ஒண்ணு. கேஷ் வேகத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது. அது பேக்கப் ஆகவே ஆகாது. அதனால எஸ்.எஸ்.டி. வாங்குறதுக்கு முன்னாடி, உங்க டேட்டாவுக்கு வேறொரு டிஸ்க்ல ஒரு முழு நகல் எடுத்து வைங்க.