விளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்கலாமா?



தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை செய்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஆர்டர் பிடிக்கிற காலம் இது. ஆனால் வேலையெல்லாம் முடிந்து படம் எடுக்க உட்காரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் ஓவியத்தின் தங்கத்தாள் வெள்ளையாய் அடிக்கும். போடாவிட்டால் படம் கலங்கும். பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் படம் சரியில்லை என்றால் ஆர்டர் போச்சு.

இதற்கு உதவுவதுதான் அகல வாய் லென்ஸ். மடையை அகலத் திறந்தால் வயல் சீக்கிரம் நிறையும் இல்லையா, அதுபோல வெளிச்சம் சீக்கிரம் நிறைந்துவிடும். கேமராவும் சட்டென்று படத்தை எடுத்து முடித்துவிடும், கை லேசாக ஆடினாலும் கலங்காது. லென்ஸுக்கு ஒரு எண் உண்டு. எண் சிறியதானால் வாய் பெரியது என்று அர்த்தம். 3.5 லென்ஸை விட 1.8 லென்ஸ் ஏறக்குறைய 4 மடங்கு வெளிச்சம் வாங்கும்.

1975ல் வந்த 'பேரி லிண்டன்' என்ற ஆங்கிலப் படத்தில், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 0.7 எண் லென்ஸை வைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். நாசாவுக்காகச் செய்த லென்ஸ் அது! ஆனால் நடிகர்கள் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலும் முகம் மங்கிவிடும்.

நமக்கும் அதே சிக்கல்தான். வாயை முழுசாகத் திறந்து கிட்டத்தில் எடுத்தால், சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் தெளிவு இருக்கும். பொம்மையின் மூக்கு பளிச்சென்று இருக்கும், பின்னால் பாவாடை மங்கும். கொஞ்சம் தள்ளி நின்று, முகத்தில் ஃபோகஸ் வையுங்கள். ஓவியத்துக்கு இந்தக் கவலை இல்லை, தட்டையான பொருள்தானே. கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் போதும். கண்ணாடி பிரேம் போடும் முன்பே எடுத்துவிடுங்கள். குழுக் கூட்டத்தில் இரண்டு வரிசையாக உட்கார வைத்து எடுப்பதானால் எண்ணை 4 அல்லது 5.6க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பின்வரிசை அக்காக்கள் கோபித்துக்கொள்வார்கள்!

"இதற்காகக் குழுவில் கடன் எடுத்து கேமரா வாங்கலாமா?" என்று கேட்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நிறைய செல்போன்களில் பின்பக்க முக்கிய கேமராவின் எண்ணே 1.8 அல்லது அதையொட்டித்தான் இருக்கிறது. ஜூம் செய்யாமல், ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் வைத்து எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே லென்ஸ் மாற்றும் கேமரா இருக்கிற குழு என்றால் 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கலாம், இந்த வகையில் விலை குறைவானது அதுதான். எடுப்பதற்கு முன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கை பட்டிருந்தால் எந்த லென்ஸிலும் படம் மங்கலாகத்தான் விழும்.