வாயின் சுத்தம், உடலின் நலம்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



நம் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நெஞ்சு வலித்தால் உடனே ஈ.சி.ஜி. எடுக்க ஓடுகிறோம். ஈறில் ரத்தம் வந்தால் மட்டும், பிரஷ் பட்டிருக்கும் என்று வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ரத்தம் உடல் முழுவதற்குமான ஓர் எச்சரிக்கை என்பதை இன்று சிந்திப்போம்.

சுன்னத் காட்டும் வழி

தம் உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் மட்டும் இல்லையென்றால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டாயமாக்கியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. வீட்டில் நுழைந்ததும் அவர்கள் முதலில் செய்தது மிஸ்வாக். இரவில் தஹஜ்ஜுதுக்கு எழுந்தாலும் மிஸ்வாக்.

ஐவேளையும் உளூ செய்து, ஒவ்வொரு முறையும் 3 தடவை வாய் கொப்பளிப்பவர் ஒரு நாளில் 15 தடவை கொப்பளிக்கிறார். உணவுத் துகள்கள் அதில் போய்விடும். ஆனால் பல்லில் பிசுபிசுப்பாகப் படியும் கிருமிப் படலம் தண்ணீருக்கு மட்டும் போகாது, தேய்த்தால்தான் போகும். கொப்பளிப்பதோடு மிஸ்வாக்கும் சுன்னத்தாக இருப்பதன் பயனை இங்கே காண்கிறோம்.

ஈறிலிருந்து ரத்தத்துக்கு

தேய்க்காமல் விட்ட படலம் நாளடைவில் பற்காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் கவனிக்காமல் விடுகிறோம். புண்பட்ட ஈறு வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன.

இதய வால்வில் பழுது உள்ளவர்களுக்கும் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், அக்கிருமிகள் வால்வில் தங்கி உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம். இவர்கள் பல் பிடுங்கும் முன் தம் இதய நோயைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவர்களிடம் ஈறு நோய் அதிகம் காணப்படுகிறது. ஒன்று மற்றொன்றுக்கு நேரடிக் காரணம் என்று மருத்துவ உலகம் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

சர்க்கரை நோயாளிகள் கவனத்திற்கு

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு அதிகம். ஈறு அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரையை நேரம் தவறாமல் போடும் நாம், ஈறையும் காட்டி வர வேண்டாமா?

படுக்கையில் இருக்கும் பெற்றோர்

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்களின் கடைசி நேரத்தை நினைத்துப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சாய்ந்திருக்கிறார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக்குடன் வருகிறார்கள். நபியவர்களின் பார்வை அதன் மீது நிலைப்பதைக் கண்ட அன்னையார், அதை வாங்கி, மென்மையாக்கிக் கொடுக்கிறார்கள். அந்த வேதனையிலும் நபியவர்கள் நன்றாகப் பல் துலக்கினார்கள். சற்று நேரத்தில் அவர்களின் ரூஹ் பிரிந்தது.

நம் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மருந்து கொடுக்கிறோம், உடல் துடைக்கிறோம். வாயைச் சுத்தம் செய்கிறோமா? விழுங்கச் சிரமப்படும் முதியவர்களின் எச்சில் கிருமிகளோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். தினமும் வாயைச் சுத்தம் செய்தால் அந்த ஆபத்து குறையும்.

தலையை உயர்த்தி வைத்து, மென்மையான பிரஷ்ஷாலோ ஈரத் துணியாலோ பற்களையும் நாக்கையும் துடையுங்கள். புரையேறும் என்பதால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல்செட்டை இரவில் கழற்றி, கழுவித் தண்ணீரில் போடுங்கள். பெற்றோருக்குச் செய்யும் கித்மத்தில் இதுவும் சேரும்.

நாம் செய்ய வேண்டியவை

காலையும் இரவு படுக்கும் முன்பும் ஃபுளோரைடு பேஸ்ட்டால் 2 நிமிடம் பல் துலக்குங்கள். தொழுகைகளுக்கு மிஸ்வாக்கைப் பேணுங்கள். நுனி நைந்தால் வெட்டிப் புதிதாக்குங்கள். ஈறில் ரத்தம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பற்காரையை எடுத்தால் பல் ஆடும் என்பது தவறான பயம். எடுக்காமல் விட்டால்தான் ஆடும். புகையிலையையும் பாக்கையும் விட்டுவிடுங்கள். இரண்டுமே புற்றுநோயை உண்டாக்குபவை.

குர்ஆன் ஓதும் வாய் இது, திக்ரு செய்யும் நாவு இது. இவற்றைத் தூய்மையாக வைத்து, உடல் எனும் அமானிதத்தைப் பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நம் பெற்றோருக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.